மின்னோட்டம் ஒளிக்குச் சாட்சி ஆகாது

லேசரை வைத்துத் தொழில் செய்கிறவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிப்போயிருக்கிறது. லேசருக்குள் எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று பார்த்தால் எவ்வளவு ஒளி வெளியே வருகிறது என்று தெரிந்துவிடும், ஒளியை அளக்கத் தனியாக ஒரு சுற்று தேவையில்லை என்பதே அது. ஒரகடம் பக்கத்துப் பட்டறைகளில் இதைக் கேட்டிருக்கிறேன். காஞ்சிபுரத்தில் அக்ரிலிக் பெயர்ப்பலகையும் கல்யாணப் பத்திரிகையும் வெட்டித் தரும் கடைகளில் கேட்டிருக்கிறேன். பாலிடெக்னிக் மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கைகளிலும் படித்திருக்கிறேன். பழையசீவரத்தில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இந்த நம்பிக்கை தவறானது, பணத்துக்கும் கண்ணுக்கும் கேடானது என்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். லேசர் டையோடு ஒரு நேர்மையான பொருள். ஒரு குறிப்பிட்ட தொடக்க மின்னோட்டம் வரை அது மங்கலாக மினுக்கும். அதைத் தாண்டியதும் ஒவ்வொரு மில்லிஆம்பியருக்கும் இவ்வளவு மில்லிவாட் என்று நேர்கோட்டில் ஒளி ஏறும். கோட்டின் சாய்வு டேட்டா ஷீட்டில் இருக்கிறது. ஆம்பியர் மீட்டரைப் படித்து, தொடக்க மின்னோட்டத்தைக் கழித்து, சாய்வால் பெருக்கினால் ஒளியின் சக்தி கிடைத்துவிடும். இது போதாது என்றால், டையோடின் உலோகக் குடுவைக்குள்ளேயே ஒரு போட்டோ டையோடு வைத்துத்தான் விற்கிறார்கள். அதுவும் போதாது என்றால் ஒரு சோலார் செல்லையும் மல்டிமீட்டரையும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் அது டெல்லி, இந்தூர் ஆய்வகங்களின் வேலை. கிராமத்துக் கொட்டகையின் வேலை அல்ல.

கேட்பதற்குக் கோவையாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு படிகூட நிற்காது.

நேர்கோடு உண்மைதான். ஒரே டையோடில், ஒரே வெப்பநிலையில், அது புதிதாக இருக்கும்வரை உண்மை. வெப்பநிலை மாறினால் கோடே இடம் மாறிவிடும். 650 நானோமீட்டர் சிவப்பு டையோடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரியில் அதன் தொடக்க மின்னோட்டம் 25 மில்லிஆம்பியர், சாய்வு மில்லிஆம்பியருக்கு அரை மில்லிவாட் என்று இருக்கட்டும். 35 மில்லிஆம்பியர் செலுத்தினால் தொடக்கத்துக்கு மேலே 10 மில்லிஆம்பியர் நிற்கிறது, 5 மில்லிவாட் வருகிறது. இப்போது அக்னி நட்சத்திர மதியத்தில், தகரக் கொட்டகைக்குள், டையோடின் உடல் 45 டிகிரிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொடக்க மின்னோட்டம் வெப்பத்தோடு அடுக்குக்குறி வேகத்தில் ஏறும். சிவப்பு டையோடில் 20 டிகிரிக்குக் கால் பங்குக்கு மேல் ஏறுவது சாதாரணம். 25 என்பது 32 ஆகிவிட்டது. ஆம்பியர் மீட்டர் அதே 35-ஐத்தான் காட்டுகிறது. தொடக்கத்துக்கு மேலே இருப்பது இப்போது வெறும் 3 மில்லிஆம்பியர். வெளியே வருவது ஒன்றரை மில்லிவாட். மீட்டரின் முள் ஒரு இழைகூட நகரவில்லை, ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. வெப்பத்தில் சாய்வும் கொஞ்சம் குறையும் என்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

இதைவிட ஆபத்தானது திரும்பிய கதை. மதியச் சூட்டில் ஒளி மங்கியதைப் பார்த்த ஒருவர் மின்னோட்டத்தை 42-க்கு ஏற்றி 5 மில்லிவாட்டைத் திரும்பக் கொண்டுவருகிறார். இரவு கழிந்து விடியற்காலையில் கொட்டகை 25 டிகிரிக்கு இறங்குகிறது. அதே 42 மில்லிஆம்பியரில் இப்போது வருவது எட்டரை மில்லிவாட். 5 மில்லிவாட்டுக்கு என்று செய்த டையோடின் முகப்பு அந்த அடர்த்தியைத் தாங்காமல் கருகலாம். கருகாமல் தப்பித்தால், 5 மில்லிவாட் என்று நம்பி எதிரே நிற்பவரின் கண்ணுக்கு அது பாதுகாப்பு எல்லையைத் தாண்டிய ஒளி. மீட்டரில் ஒரே எண், ஒரே டையோடு, இரண்டு வேளையில் இரண்டு வேறு லேசர்கள். இதற்குப் பிறகும் மின்னோட்டமே ஒளிக்கு அளவு என்று ஒருவர் சொன்னால், அவர் குளிர்சாதன அறையில் மட்டுமே லேசரைப் பார்த்தவராக இருக்க வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு லேசர் வைத்திருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். பாராமதியில் பிறந்த சி.கே.என். பட்டேல் 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்த அந்த லேசர்தான் இன்று நம் ஊர்க் கடைகளில் அக்ரிலிக்கும் மரமும் வெட்டுகிறது. அந்த இயந்திரங்களின் முகப்பில் ஒரு சதவீத எண்ணும் ஒரு மில்லிஆம்பியர் மீட்டரும் இருக்கும். 80 சதவீதம் என்றால் எதில் 80? மின்வழங்கி கொடுக்கக்கூடிய மின்னோட்டத்தில். கண்ணாடிக் குழாய்க்குள் வாயுக் கலவை பழையதாகி இருக்கலாம். குளிர்விக்கும் தண்ணீர் 35 டிகிரியில் இருக்கலாம். கண்ணாடியிலும் லென்ஸிலும் புகைப்படலம் ஏறியிருக்கலாம். சதவீத எண்ணுக்கு இதில் எதுவும் தெரியாது. வெட்டு ஆழம் குறைந்ததும் கடைக்காரர் மின்னோட்டத்தை ஏற்றுகிறார். ஏற்றிய மின்னோட்டம் குழாயை இன்னும் சீக்கிரம் கெடுக்கிறது, ஒளி இன்னும் குறைகிறது, மறுபடி ஏற்றுகிறார். லென்ஸைத் துடைத்தால் தீர்ந்திருக்கும் கோளாறுக்குப் புதுக் குழாய் வாங்குகிறார்கள். ஒளி எங்கே குறைந்தது, குழாயின் வாயிலா, லென்ஸின் வாயிலா என்று இரண்டு இடத்தில் அளந்து பார்க்க ஒரு வழி இருந்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

குடுவைக்குள்ளேயே இருக்கும் போட்டோ டையோடு? மூன்று கால் லேசர் டையோடின் ஒரு கால் அதற்குத்தான். லேசர்ச் சில்லின் பின்முகத்திலிருந்து கசியும் ஒளியை அது பார்க்கிறது. அந்த மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கும்படி ஒரு பின்னூட்டச் சுற்றை அமைத்தால், நான் மேலே சொன்ன வெப்பநிலைக் கூத்து பெருமளவு அடங்கும். அதனால் அந்தப் போட்டோ டையோடைப் பயன்படுத்தாமல் விடுவது தவறு என்பதே என் கட்சியும். ஆனால் ஒளியை மாறாமல் வைப்பது ஒரு வேலை, எவ்வளவு ஒளி என்று சொல்வது வேறு வேலை. டேட்டா ஷீட்டைத் திறந்து பாருங்கள். ஒரே சக்திக்கு அந்த உள் டையோடு தரும் மின்னோட்டத்துக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் இடையே பல மடங்கு இருக்கும். கையில் இருக்கும் துண்டு எந்த எண்ணில் இருக்கிறது என்பதை வெளியே ஒரு முறை அளக்காமல் சொல்ல முடியாது. மேலும் அது பார்ப்பது பின்முகம். முன்னால் இருக்கும் லென்ஸில் தூசி படிந்ததோ, வெட்டும் உலோகத்திலிருந்து ஒளி திரும்பி உள்ளே நுழைந்து கணக்கைக் குழப்புவதோ அதற்குப் புரியாது. வாசலில் நடப்பதைக் கொல்லைப்புறத்தில் நின்று சொல்லச் சொல்கிறோம்.

அடுத்து, "கட்டையில் வைத்துப் பார், கருகுகிறதா இல்லையா" என்ற சோதனை. இதற்கு ஒரு பழைய வரலாறே உண்டு. 1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டிய பிறகு, தொடக்க ஆண்டுகளில் ஆய்வாளர்கள் ஒரு துடிப்பு எத்தனை சவர பிளேடுகளைத் துளைக்கிறது என்று எண்ணி, அந்த பிளேடின் பெயராலேயே லேசரின் வலிமையைச் சொன்னார்கள். அளவுமானிகள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். கருகுவது பொருளின் நிறத்தையும் ஈரத்தையும் குவியத்தின் அளவையும் பொறுத்தது. மழைநாள் ஒட்டுப்பலகையும் வெயில்நாள் ஒட்டுப்பலகையும் ஒரே லேசருக்கு இரண்டு பதில் சொல்லும். உலகம் கைவிட்ட முறையை நாம் ஏன் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

சோலார் செல்லையும் மல்டிமீட்டரையும் வைத்து வோல்ட் பார்ப்பவர்கள் அதிகம் என்பதால் அதன் குறையை எண்ணிலேயே காட்டிவிடுகிறேன். சிலிக்கான் செல் ஒன்றில் சுமை எதுவும் இணைக்காமல் வோல்ட் பார்த்தால், அந்த வோல்ட் ஒளியின் மடக்கை அளவில்தான் நகரும். அறை வெப்பநிலையில் ஒளி இரு மடங்கானால் வோல்ட் சுமார் 18 மில்லிவோல்ட் ஏறும். 500 மில்லிவோல்ட் காட்டிக்கொண்டிருந்த மீட்டர், லேசரின் சக்தி சரிபாதியாகச் சரிந்த பிறகும் 482 காட்டும். பார்ப்பவர் "கொஞ்சம் இறங்கியிருக்கு, பரவாயில்லை" என்பார். பாதி ஒளி போய்விட்டது! அந்த செல் கொஞ்சம் சூடானாலே இதே அளவு வோல்ட் குறையும். எல்.டி.ஆர். என்ற ஒளியுணர் தடை இன்னும் மந்தம். அதன் தடை ஒளிக்கு நேர்விகிதத்தில் மாறாது, முன்பு பட்ட வெளிச்சத்தின் நினைவும் அதில் தங்கியிருக்கும். தெருவிளக்கை அந்தியில் ஏற்ற அது போதும், லேசரை அளக்கப் போதாது.

ஆக, ஒளியைத்தான் அளக்க வேண்டும். வோல்ட்டை அல்ல, போட்டோ டையோடு தரும் மின்னோட்டத்தைப் பார்க்க வேண்டும். அந்த மின்னோட்டம்தான் பல அடுக்கு அளவுக்கு ஒளியோடு நேர்விகிதத்தில் போகும். "அதெல்லாம் பெரிய ஆய்வகத்தின் வேலை" என்ற கடைசிப் படிக்கு இங்கே பதில் சொல்கிறேன். சுற்றைச் சொல்லிவிட்டால் அந்த வாதம் தானே விழுந்துவிடும்.

சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் பிபிடபிள்யூ 34 என்ற சிலிக்கான் போட்டோ டையோடு கிடைக்கும். அதன் ஒளியுணர் பரப்பு சுமார் 7.5 சதுர மில்லிமீட்டர். 430 முதல் 1100 நானோமீட்டர் வரை பார்க்கும். சிவப்பு ஒளியில் ஒரு வாட்டுக்குச் சுமார் 0.4 ஆம்பியர் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 5 மில்லிவாட் கற்றையை அப்படியே அதன் மேல் விடக் கூடாது. ஒரு புள்ளியில் அவ்வளவு அடர்த்தியாக ஒளி விழுந்தால் நேர்விகிதம் கெடும். கற்றையின் வழியில் ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டைக் கிட்டத்தட்டச் செங்குத்தாக, பத்து டிகிரி மட்டும் சாய்த்து வைத்தால், ஒவ்வொரு முகமும் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பும். இரண்டு முகமும் சேர்ந்து 8 சதவீதம், அதாவது 0.4 மில்லிவாட் போட்டோ டையோடுக்கு வரும். மீதி வழக்கம்போல வேலைக்குப் போகும். வேலை நடக்கும்போதே கண்காணிக்க இதுவே வழி. 0.4 மில்லிவாட்டுக்கு 160 மைக்ரோஆம்பியர் கிடைக்கும்.

அந்த மின்னோட்டத்தை வோல்ட்டாக மாற்ற ஒரு ஆப் ஆம்ப் போதும். போட்டோ டையோடின் கேத்தோடை ஆப் ஆம்பின் கழித்தல் முனையில் இணையுங்கள், ஆனோடைத் தரையில் இணையுங்கள். கூட்டல் முனையும் தரைக்கு. வெளியீட்டிலிருந்து கழித்தல் முனைக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். 160 மைக்ரோஆம்பியர் அந்த ரெசிஸ்டர் வழியே பாய்ந்து 1.6 வோல்ட்டைத் தரும். டையோடின் இரு முனைகளுக்கு இடையே வோல்ட் பூஜ்ஜியமாகவே நிற்பதால் சோலார் செல்லின் மடக்கை நோய் இங்கே இல்லை. பாலிடெக்னிக் ஆய்வக அலமாரியில் கிடக்கும் 741 கூட இந்த வேலையைச் செய்யும். அதன் உள்ளீட்டு மின்னோட்டம் வழக்கமாக 80 நானோஆம்பியர், நம் 160 மைக்ரோஆம்பியருக்கு முன்னால் அது ஆயிரத்தில் அரைப் பங்கு. டிஎல் 072 போட்டால் அந்த அரைப் பங்கும் கிட்டத்தட்ட மறைந்துவிடும். இரண்டு 9 வோல்ட் பேட்டரி வைத்தால் மின்வாரிய மின்சாரத்தின் இரைச்சல் உள்ளே வராது.

ஒரு பொருளை மட்டும் விட்டுவிடக் கூடாது: அந்த 10 கிலோ ஓமுக்கு இணையாக ஒரு சிறிய கெப்பாசிட்டர். போட்டோ டையோடுக்குச் சார்பு வோல்ட் இல்லாதபோது அதன் கொள்ளளவு சுமார் 70 பிக்கோஃபாரட். அந்தக் கொள்ளளவும் பின்னூட்ட ரெசிஸ்டரும் சேர்ந்து கட்டத்தைப் பிந்தவைக்கும், சுற்று தானாக அலைவுற ஆரம்பிக்கும். மல்டிமீட்டர் அந்த அலைவைச் சராசரியாக்கி ஒரு நிலையான எண்ணைக் காட்டும், பார்ப்பவர் நம்பிவிடுவார். டிஎல் 072-க்கு 22 பிக்கோஃபாரட் இருந்தால் அலைவு அடங்கும். சக்தியைக் கண்காணிக்க மெகாஹெர்ட்ஸ் வேகம் தேவையில்லை என்பதால் 1 நானோஃபாரட் போட்டு 16 கிலோஹெர்ட்ஸ் வரை விடலாம். மட்டமான மின்வழங்கியால் லேசரில் வரும் 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் அதில் தெளிவாகத் தெரியும். ஆம்பியர் மீட்டர் ஒருநாளும் அதைக் காட்டாது.

சுற்று அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டு டிப்ளமா மாணவி ஒரு மதிய வகுப்பில் பிரெட்போர்டில் கட்டிவிடுவாள். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு "ஒரு டையோடு, ஒரு ஆப் ஆம்ப், வேலை முடிந்தது" என்று சொல்பவர்களையும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சுற்றின் மின்பகுதியில் வரும் பிழை நூற்றில் ஒன்றைத் தாண்டாது. ஒளி வந்து சேரும் வழியில் வரும் பிழை பல மடங்காகவும் இருக்கலாம்.

அந்தக் கண்ணாடித் தகட்டை வசதிக்காக 45 டிகிரியில் வைப்பவர்கள் உண்டு. லேசர் டையோடின் ஒளி ஒரு திசையில் முனைவுற்றது. 45 டிகிரியில் ஒரு முனைவுக்கு ஒரு முகம் 9 சதவீதத்துக்கு மேல் திருப்பும், மறு முனைவுக்கு ஒரு சதவீதம்கூடத் திருப்பாது. லேசரை அதன் அச்சிலேயே கால் வட்டம் சுழற்றிப் பொருத்தினால் மீட்டர் பத்து மடங்கு பொய் சொல்லும். சாய்வைக் குறைவாக வைக்கச் சொல்வது அதனால்தான். போட்டோ டையோடுக்கு முன்னால் ஒரு மெல்லிய வெள்ளை டெஃப்லான் தகட்டை வைத்தால் இன்னும் நல்லது. கற்றை கொஞ்சம் இடம் மாறினாலும், முனைவு மாறினாலும், தகடு ஒளியைப் பரப்பிச் சமன் செய்துவிடும். அதனால் குறையும் ஒளிக்கு ஏற்ப ரெசிஸ்டரைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

அடுத்த எதிரி வெயில். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் விழுகிறது. 7.5 சதுர மில்லிமீட்டர் போட்டோ டையோடின் மேல் அது 7.5 மில்லிவாட். நாம் அளக்க வந்த லேசரைவிட அதிகம்! ஜன்னல் வெளிச்சம் ஒரு துளி பட்டாலும் எண் கெடும். உள்ளே கறுப்பு பூசிய குழாய்க்குள் டையோடைப் பொருத்த வேண்டும். லேசரை மறைத்து ஒரு முறை, திறந்து ஒரு முறை என்று அளந்து முதல் எண்ணைக் கழிக்க வேண்டும். ஆப் ஆம்பின் சில மில்லிவோல்ட் இடப்பிழையும் அந்தக் கழித்தலிலேயே போய்விடும்.

நிறமும் கணக்கில் வர வேண்டும். ஒவ்வொரு ஒளித்துகளும் ஒரு எலெக்ட்ரானைத் தந்தாலும்கூட 650 நானோமீட்டரில் ஒரு வாட்டுக்கு 0.52 ஆம்பியருக்கு மேல் வர முடியாது, 405 நானோமீட்டர் ஊதாவில் 0.33-க்கு மேல் வர முடியாது. சிவப்புக்குச் சரிபார்த்த மீட்டரை ஊதாவுக்குக் காட்டினால் அது சொல்வது வேறு ஏதோ ஒரு எண்.

கடைசியாக அளவுதிருத்தம். இதை வைத்துத்தான் "பார்த்தாயா, டெல்லிக்குப் போக வேண்டும்" என்பார்கள். டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம்தான் நம் நாட்டு அளவைகளுக்கு வேர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அங்கிருந்து தொடரும் சான்றுள்ள ஒரு மீட்டரை ஒரு கல்லூரி வைத்திருந்தால், சுற்றுவட்டாரத்தில் கட்டிய அத்தனை சுற்றுகளையும் அதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை.

கார்பன் டை ஆக்சைடு லேசருக்கோ அந்த மீட்டரும் தேவையில்லை. அதன் ஒளி 10,600 நானோமீட்டர். சிலிக்கான் 1100-லேயே குருடாகிவிடும் என்பதால் போட்டோ டையோடு அங்கே உதவாது, வெப்பத்தை அளக்க வேண்டும். 100 கிராம் அலுமினியக் கட்டி ஒன்றைக் கறுப்பு அனோடைஸ் செய்து, ஒரு வெப்ப உணர்வியைப் பதித்து, குவியத்துக்கு வெளியே, கற்றை அகலமாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். 40 வாட் லேசர் 20 விநாடி விழுந்தால் 800 ஜூல், கட்டி சுமார் 9 டிகிரி ஏறும். இந்த 9 டிகிரி உண்மையில் 40 வாட்தானா என்று எப்படித் தெரியும்? கட்டியில் ஒரு 10 ஓம் சக்தி ரெசிஸ்டரைத் திருகி, 20 வோல்ட்டை 20 விநாடி கொடுங்கள். அதுவும் 40 வாட். அதே ஏற்றம் வந்தால் லேசரும் 40 வாட்தான். வித்தியாசம் இருந்தால் அந்த விகிதமே திருத்தம். ஒளியின் இடத்தில் மின்சாரத்தை வைத்து ஒப்பிடும் இந்த முறையை ஜெர்மனியின் குர்ல்பாமும் ஸ்வீடனின் ஆங்ஸ்ட்ரமும் 1890-களிலேயே கண்டார்கள். தேசிய ஆய்வகங்களின் உச்சகட்டத் துல்லியக் கருவிகளும் இதே கொள்கையில்தான் நிற்கின்றன. வாலாஜாபாத்தில் கிடைக்காத ஒரு பொருள்கூட இதில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கற்றைக்கு முன்னால் வேலை செய்யும்போது அதற்குரிய கண்ணாடி அணிவதில் மட்டும் சமரசம் கூடாது.

"இவ்வளவு மெனக்கெட்டு அளந்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு.

ஒன்று கண். 2010-இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 10 மில்லிவாட் என்று எழுதிய மலிவான பச்சை லேசர் சுட்டி ஒன்றைச் சோதித்தார்கள். பச்சை மங்கலாகத்தான் வந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு கிட்டத்தட்ட 20 மில்லிவாட் வந்துகொண்டிருந்தது. பச்சைக்கு இமை மூடும், அகச்சிவப்புக்கு மூடாது. 2013-இல் அதே நிறுவனம் 122 சுட்டிகளைச் சோதித்தபோது பச்சையில் ஏறத்தாழ 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படவில்லை. உறையில் எழுதிய எண்ணை நம்புவதற்கு இதுதான் பலன். அதே வகைச் சுட்டிகள் நம் ஊர்த் திருவிழாக் கடைகளிலும் விற்கின்றன, குழந்தைகள்தான் வாங்குகிறார்கள். நான் சொன்ன சுற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியை வைத்து ஒரு முறை, எடுத்துவிட்டு ஒரு முறை அளந்தால் ஒளிந்திருக்கும் ஆபத்து எண்ணாக வெளியே வந்துவிடும்.

இன்னொன்று உடம்பு. மூட்டு வலிக்கு லேசர் சிகிச்சை தரும் இடங்கள் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டன. 100 மில்லிவாட் கருவியை 40 விநாடி காட்டினால் 4 ஜூல் என்பது கணக்கு. கருவி பழையதாகி 50 மில்லிவாட்டுக்கு இறங்கியிருந்தால் நோயாளிக்குக் கிடைப்பது 2 ஜூல். கட்டணம் மட்டும் முழுதாகப் போகிறது. பழையசீவரத்திலிருந்து பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயில் சுவரில் 11ஆம் நூற்றாண்டின் வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனைக்கு எந்த மருந்து எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்பதை அளவோடு கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அளவு தெரியாத மருந்து மருந்தாகாது என்று அறிந்திருந்த ஆற்றங்கரை இது. ஒளியை மருந்தாகக் கொடுக்கும் காலத்தில் அந்த அறிவைக் கைவிட நமக்கு உரிமை இல்லை.

இன்னும் தெற்கே போனால் உத்திரமேரூர். குடவோலைத் தேர்தலுக்காக அதன் கல்வெட்டுகளை எல்லோரும் பேசுகிறோம். பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் அந்தக் கல்வெட்டுகள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய வாரியங்களில் பொன் வாரியத்தையும் சொல்கின்றன. பொன்னின் மாற்றைப் பார்க்கும் பொறுப்பை விற்பவர் கையிலும் வாங்குபவர் கையிலும் விடாமல் ஊர்ச்சபை தன் கையில் வைத்துக்கொண்டது. நான் கேட்பதும் அதே கொள்கையைத்தான். லேசர் இயந்திரத்தின் முகப்பு தன்னைப் பற்றித் தானே சொல்லும் எண்ணை ஏற்கக் கூடாது. அந்த இயந்திரத்தோடு சம்பந்தமில்லாத ஒரு கருவி ஒளியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உச்சத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடலாம். ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் லைகோ நிலையங்களில் லேசரின் ஒரு பகுதியைப் பிரித்து, போட்டோ டையோடில் விழச் செய்து, அதில் வரும் ஏற்ற இறக்கத்தை வைத்தே லேசரைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ இந்தியா அமைப்பதற்கு 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. அங்கேயும் இந்த வேலை நடக்கும். கண்ணாடியும் டையோடும் உயர்தரமாக இருக்கும், வடிவம் நான் மேலே சொன்னதுதான். உலகின் மிகச் சிறந்த மின்வழங்கிகளை வைத்திருப்பவர்களே மின்னோட்டத்தை நம்பாமல் ஒளியைப் பார்க்கும்போது, தகரக் கொட்டகையில் இருக்கும் நாம் எந்தத் துணிவில் மின்னோட்டத்தை நம்புகிறோம்?

ஆகவே என் கோரிக்கைகள் இவை. பாலிடெக்னிக்குகள் போட்டோ டையோடின் சிறப்பியல்பு வளைவை வரையவைத்து மதிப்பெண் போடுவதோடு நிற்காமல், லேசரின் சக்தியை அளக்கும் சுற்றை ஒவ்வொரு மாணவரும் கட்டி, திருத்தி, பிழையின் அளவையும் எழுதிக் கொடுக்கச் செய்ய வேண்டும். லேசர் கடை நடத்துகிறவர்கள் வாரத்துக்கு ஒரு முறை தேதி, மின்னோட்டம், தண்ணீரின் வெப்பநிலை, அளந்த சக்தி என்ற நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். ஆறு மாதத்தில் அந்த நோட்டு, குழாயை எப்போது மாற்றுவது, லென்ஸை எப்போது துடைப்பது என்று தானே சொல்லும். சிகிச்சைக்கும் வேலைக்கும் லேசரை நாடிப் போகிறவர்கள் ஒளியை எப்போது அளந்தீர்கள் என்று தயங்காமல் கேட்க வேண்டும். "மீட்டரில் 80 சதவீதம் காட்டுகிறது" என்ற பதிலை ஏற்காதீர்கள். அளந்த தேதியையும் மில்லிவாட்டையும் சொல்ல முடியாதவரிடம் உங்கள் பணத்தையும் உடம்பையும் ஒப்படைக்காதீர்கள்.